மூன்று சட்டி சிப்பி ஸ்டூ

பிரையர் தீவு,
செசபீக் விரிகுடா.
1958 டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை.

பால்டிமோர் நகரில் மாடி வீட்டில் சௌக்கியமாக இருக்கும் என் மூத்த அக்காள் ஐடெல்லாவுக்கு, தம்பி ஹார்லன் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது. என் முழங்காலையும் கோழிக்கூண்டின் கூரையையும் தவிர இங்கே மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. அங்கே உன் ரத்த அழுத்தமும், மூன்றாவது மாடிக்காரர்களோடு உனக்கிருந்த சண்டையும் ஒரு வழியாக அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

சிப்பி ஸ்டூ வைப்பது எப்படி என்று நான் கேட்டதற்கு மறு தபாலிலேயே பதில் போட்டாய். அதற்கு நன்றி. அந்தப் பதில் எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படிக்கும்போது சிரிக்காதே. சிரித்தாலும் எனக்கு எழுதாதே.

முதலில் வெர்னாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிமோனியா வந்து மூன்று வாரம் அக்கரை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அக்டோபர் கடைசியில் வீட்டுக்கு வந்தாளே, அதிலிருந்து பறவை கொத்துவது போலத்தான் சாப்பிடுகிறாள். மெதடிஸ்ட் சபைப் பெண்கள் ஏழு வீட்டிலிருந்து ஏழு பாத்திரம் அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் அரைக் கரண்டி எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லித் தட்டை நகர்த்திவிட்டாள். அக்கா, என்னைப் பயமுறுத்தியது அந்த "நல்லா இருக்கு"தான். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் ஒரு பண்டம் பிடித்துவிட்டால் அவள் என்ன சொல்வாள்? "இதைப் பூனைக்கு வைங்க" என்பாள். ரொம்பவும் பிடித்துவிட்டால், "பூனைக்குக்கூட வைக்காதீங்க, பாவம்" என்பாள். நம் ஊர்த் தலைகீழ்ப் பேச்சில் அவளை மிஞ்ச ஆளே கிடையாது. அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எல்லாவற்றையும் நேராகவே பேசுகிறாள். மழை பெய்தால் "மழை பெய்யுது" என்கிறாள். என்னைப் பார்த்து, "நீங்க நல்லவருங்க" என்று ஒருநாள் சொன்னாள். நான் வெளியே போய்ப் படகுத்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். டாக்டர் வேறு, "பதினைந்தாம் தேதி வந்து எடை பார்ப்பேன், இரண்டு பவுண்டாவது ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் விரிகுடா உறைவதற்குள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவேன், பனிக்காலம் முழுக்க அங்கேதான்" என்று சொல்லிவிட்டார். உறைந்துவிட்டால் படகு ஓடாது, நான் போய்ப் பார்க்கவும் முடியாது. இந்த நிலைமையில்தான் போன மாதக் கடைசியில் ஜன்னலைப் பார்த்தபடி, "சிப்பி ஸ்டூ ஒரு வாய் கிடைச்சா சாப்பிடலாம்" என்றாள். எப்படி வைப்பது என்று அவளையே கேட்டிருக்கலாம். கேட்டால் போர்வையை உதறிவிட்டு அவளே அடுப்படிக்கு வந்துவிடுவாள். அதனால்தான் உன்னைக் கேட்டேன்.

ஐம்பது வருஷம் இருபதடி இடுக்கியைப் போட்டுக் கடலடியிலிருந்து சிப்பி வாரினவன் நான். ஆனால் அது படகை விட்டு இறங்கிய பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்தும் பிரயோஜனமில்லை, நான் அதைத் தின்ன முடியாதே. ஒன்பது வயதில் சபை விருந்தில் ஒன்றே ஒன்றை விழுங்கிவிட்டு என் முகம் பரங்கிக்காய் போல வீங்கினது உனக்கு நினைவிருக்கும். நீதானே என்னைக் கையைப் பிடித்து வீடு வீடாக அழைத்துப்போய்க் காட்டினாய். ஆகவே ஸ்டூவை நான் வைக்கலாம், முகரலாம், கிண்டலாம். ருசி பார்க்க மட்டும் முடியாது. இதை நீ எழுதும்போது மனதில் வைத்திருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இதோ பார்த்து எழுதுகிறேன், நீ எழுதியதை நீயே ஒரு தடவை படி: "டேய் ஹார்லன், ஸ்டூ வைக்கிறது ரொம்பக் கஷ்டம்டா, உன்னால ஆகவே ஆகாது. பாலை அடுப்புல வச்சு நல்லா தளதளன்னு கொதிக்க விடு. பக்கத்துல நிக்காதே, போய்ப் பக்கத்து வீட்டு ஓரனோட ஊர்க்கதை பேசிக்கிட்டு இரு, ஒண்ணும் ஆகாது. சிப்பியை அதோட தண்ணியிலேயே வெண்ணெய் போட்டு ஓரம் சுருளுற வரைக்கும் சூடு பண்ணிப் பால்ல சேரு. உப்புப் போடாதே. மிளகு வெர்னாவுக்கு ஆகாது, கண்ணுலயே காட்டாதே. ஸ்டூன்னா பாலாடை மாதிரி வழவழன்னு கெட்டியா இருக்கணும்." இவ்வளவுதான் நீ எழுதியது. நீ இதை வாயால் சொல்லியிருந்தால் எந்த இடத்தில் குரலை இழுக்கிறாய், எந்த இடத்தில் மூக்கைச் சுளிக்கிறாய் என்று பார்த்து எது நேர், எது தலைகீழ் என்று பிடித்திருப்பேன். காகிதத்துக்கு மூக்கு ஏது? நாற்பது வருஷம் பால்டிமோரில் குடித்தனம் செய்தவள், நேராகத்தான் எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். "உன்னால ஆகவே ஆகாது" என்பதையும் நேராகவே எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கோபமும் பட்டேன்.

வியாழக்கிழமை ஓரன் ஒரு கூடை சிப்பி கொண்டுவந்தான். அவனுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது, இன்னும் படகில் போகிறான். நான் அடுப்படியில் உட்கார்ந்து அதில் கொஞ்சத்தைக் கத்தியால் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொரு சிப்பிக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கும் தண்ணீரை ஒரு துளி சிந்தாமல் கிண்ணத்தில் பிடித்தேன். அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்தேன் அக்கா, படகின் முன்பக்கத்தில் காலை ஆறு மணிக்கு நின்றால் வரும் அதே வாசனை. இது எப்படி ஓட்டுக்குள் போய் மூடிக்கொண்டது? எனக்கு அது விளங்கவில்லை. பிறகு நீ சொன்னபடி பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலுக்குப் போய் ஓரனோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு 1936 புயலுக்குப் போனது. அந்தப் புயலில் யார் படகு யார் வீட்டு அத்திமரத்தில் ஏறி நின்றது என்பதில் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. அதற்குள் உள்ளிருந்து புகை வந்தது. ஓரன் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, ஒரு பொட்டுகூடத் தீயலையே! என்ன கைப்பக்குவம்!" என்றான். அவன் சொன்னது எப்படி என்று உனக்குத் தெரியும்.

பால் பாதி அடுப்பின் மேல் இருந்தது. மீதிப் பாதியில் தண்ணீர் ஒரு பக்கமும் வெள்ளைக் கட்டி ஒரு பக்கமும் கோபித்துக்கொண்டு நின்றன. ஏன் அக்கா அப்படி? ஒரே பால்தானே, சூடு ஏறினால் ஏன் தனித்தனியாகப் போக வேண்டும்? அதில் சிப்பியை வேறு போட்டுக் கொதிக்கவிட்டேன், போட்டதைப் பார்த்தாவது திருந்துமா என்று. சிப்பி சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒன்றை எடுத்துத் தரையில் போட்டேன். குதித்தது. "மூணு தடவை குதிச்சிருச்சு, எண்ணினேன்" என்றான் ஓரன். பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, வெளியே போய் மழையில் உட்கார்ந்துகொண்டது. இந்தத் தீவில் பசு கிடையாது என்பது உனக்கு மறந்திருக்காது. அடுத்த பால் தபால் படகில்தான் வரவேண்டும்.

படகுக்குக் காத்திருந்த இரண்டு நாளும் நானும் ஓரனும் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தோம். அவன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்துவிட்டு, "ஹார்லன், உன் அக்கா நம்ம ஊர்க்காரிதான்டா. முழுக்கத் தலைகீழா எழுதியிருக்கா. 'கொதிக்க விடு'ன்னா கொதிக்க விடாதே. 'பக்கத்துல நிக்காதே'ன்னா அங்கேயே நில்லு. நீதான் முட்டாள் இல்லையே, இதுகூடவா புரியல?" என்றான். எனக்கு வெளிச்சம் வந்தது. முழுக்கத் தலைகீழ் என்றால் முழுக்கத் தலைகீழ்தான். சனிக்கிழமை பால் வந்ததும் அப்படியே செய்தேன். பாலைச் சூடாகவே விடவில்லை. "ஓரம் சுருளுற வரைக்கும்" என்றால் சுருளவே கூடாது என்று சிப்பியை வெண்ணெயில் காட்டிவிட்டு உடனே எடுத்துவிட்டேன். "உப்புப் போடாதே" என்று எழுதியிருந்தாயா, இரண்டு கை நிறையப் போட்டேன். அது கடல் தண்ணீரில் பிறந்து கடல் தண்ணீரையே சுமந்துகொண்டு வந்த ஜீவன் என்பது அந்த நேரத்தில் எனக்கும் தோன்றவில்லை, ஓரனுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு வருஷக் கடல் அனுபவம்.

ருசி பார்க்க ஓரனைக் கூப்பிட்டேன். அவன் சட்டிக்குள் பார்த்துவிட்டு, மனைவி கூப்பிடுகிறாள் என்றான். அவன் மனைவி செத்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த நேரத்தில் வெர்னாவைப் பார்க்கப் புதுப் போதகர் லூமிஸ் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், பென்சில்வேனியாக்காரர், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு கிண்ணம் ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணில் நீர் முட்டியது. ரொம்ப நேரம் விழுங்காமல் வைத்திருந்து, பிறகு ஜெபம் செய்கிறவர் போலக் கண்ணை மூடி விழுங்கினார்.

"ரொம்ப... ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஓரன் அவர் தோளைத் தட்டி, "ரெண்டே மாசத்துல எங்க பேச்சைப் பழகிட்டீங்களே, போதகரே!" என்றான்.

"எந்தப் பேச்சு?"

"தலைகீழ்ப் பேச்சுங்க. மழை கொட்டினா 'என்ன வெயில்'ம்போம். ஒருத்தன் கஞ்சன்னா 'வள்ளல்'ம்போம். உங்க பிரசங்கம் முடிஞ்சதும் வாசல்ல நின்னு 'சகிக்கல'ன்னு சொல்றோமே, அதுக்குப் பிரமாதம்னு அர்த்தம்."

போதகர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அதுக்கு அதுவா அர்த்தம்? ஐயையோ, என்னை வேற ஊருக்கு மாத்திடுங்கன்னு பிஷப்புக்குப் போன வாரம் எழுதிட்டேனே! ஒரே ஒரு ஆள் மட்டும்தான் 'நல்லா இருந்துச்சு'ன்னு சொன்னார், அவராலதான் இத்தனை நாள் தாங்கினேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த ஆள்..." என்று இழுத்தார். ஓரன் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

உள்ளறையில் வெர்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "விட்டுடுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள், நேராக. அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பைத் தொடவில்லை. நேற்றுத் திங்கட்கிழமை வடமேற்குக் காற்று பிய்த்து எறிந்தது. தபால் படகு வரவில்லை, ஓரனும் கதவைத் திறக்கவில்லை. எனக்கு ஒரு ரோஷம் வந்தது. உன் கடிதத்தை மடித்து அலமாரி மேல் வைத்தேன். கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். பால் இல்லை, ஆனால் மேல் தட்டில் டின் பால் மூன்று இருந்தது, மேலே பசு படம் போட்டது. திறந்து ஊற்றினால் என்ன அழகு அக்கா! தேன் போல நிதானமாக, கெட்டியாக இறங்கியது. நீ சொன்ன பாலாடை வழவழப்பு இதுதான், இத்தனை நாள் நான் வெறும் தண்ணீர்ப் பாலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன் என்று புரிந்தது. கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலந்தேன். கொதிக்கவிடவில்லை, நகரவில்லை, உப்பும் போடவில்லை. சின்னச் சட்டியில் சிப்பித் தண்ணீரும் வெண்ணெயும் ஓரன் கூடையில் மீதியிருந்த சிப்பியும் போட்டு, முகத்தை நீராவிக்குள் நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிப்பி மெல்ல உப்பியது. பிறகு அதன் ஓரம் முழுக்க, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரைக்கும், பெண்பிள்ளைகள் சட்டையில் வைத்துத் தைக்கும் சுருக்கு மாதிரிச் சுருண்டுகொண்டே போனது! ஒன்று சுருண்டதும் பக்கத்தில் இருப்பது சுருள்கிறது, அதைப் பார்த்து அடுத்தது. லட்சக்கணக்கில் வாரிக் கரையேற்றியிருக்கிறேன், ஒன்றைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. ஏன் சுருள்கிறது? உள்ளே இருக்கும் சதை சும்மா இருக்கும்போது ஓரத்துக்கு மட்டும் என்ன அவசரம்? உனக்குத் தெரிந்தால் எழுது. நேராக எழுது.

கடைசியில் மிளகில் மாட்டிக்கொண்டேன். "வெர்னாவுக்கு ஆகாது" என்று எழுதியிருக்கிறாயே, அது நேரா தலைகீழா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். என் மனைவிக்கு மிளகு பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. உள்ளே போய்ச் சாதாரணமாகக் கேட்பது போல, "வெர்னா, உனக்கு மிளகு பிடிக்குமா?" என்றேன்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கலாமேன்னு."

"நாப்பத்தோரு வருஷம் கழிச்சா?"

திரும்பி வந்து கிண்ணத்தில் பாதிப் பக்கம் மட்டும் மிளகு தூவினேன். மறு பாதியில் தூவவில்லை. உப்பு பிஸ்கட்டைப் பக்கத்தில் வைத்து, தலையணையை நிமிர்த்தி அவளை உட்காரவைத்து, கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாய் எடுத்தாள். வாய் அசைவது நின்றுவிட்டது. கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள் அக்கா, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள்: "ஏங்க, என் ஆயுசுல இவ்வளவு கேவலமான ஸ்டூவை நான் வாயில வச்சதே இல்லீங்க!"

என் வெர்னா திரும்பி வந்துவிட்டாள்! நான் தொப்பியைத் தூக்கி எறிந்தேன். அது விளக்கில் மாட்டிக்கொண்டது. ஜன்னலைத் திறந்து அந்தக் காற்றிலும் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினேன்: "ஓரன்! கேவலம்னு சொல்லிட்டாடா!"

அவனும் ஜன்னலைத் திறந்து, "சும்மா சொன்னாளா, இழுத்துச் சொன்னாளா?" என்றான்.

"இழுத்துச் சொன்னா! மூக்கைக்கூடச் சுளிச்சா!"

"அப்ப எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்காதே!" என்று கத்திவிட்டுச் சட்டை மாட்டப் போனான். அவன் காற்றில் தள்ளாடி வந்து சேர்வதற்குள் வெர்னா முதல் கிண்ணத்தை முடித்து, இரண்டாவதை முடித்து, சட்டியில் இருந்ததையும் கேட்டு வாங்கித் துடைத்துவிட்டாள். ஓரனுக்கு ஒரு சொட்டு இல்லை. மூன்று கிண்ணம் அக்கா! திங்கட்கிழமை டாக்டர் தராசைத் தூக்கிக்கொண்டு வரட்டும். நாளைக்கும் இதே ஸ்டூதான், மேல் தட்டில் இன்னும் இரண்டு டின் இருக்கிறது.

ஆகவே உன் செய்முறை எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்பதை நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன். கர்த்தர் உன் மாடிப்படிகளையும் முழங்காலையும் காப்பாராக. மூன்றாவது மாடிக்காரர்களுக்கும் என் விசாரிப்பைச் சொல். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடாதே, உன் முகத்தைப் பார்க்க இங்கே யாருக்கும் ஆசையில்லை. இது எப்படி என்று உனக்குத் தெரியும்.

உன் அன்புத் தம்பி,
ஹார்லன்

பின்குறிப்பு: அண்ணி, இது வெர்னா எழுதுவது. உறைக்குள் போட்டு ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, தொப்பியை விளக்கிலிருந்து எடுக்க ஏணி தேடிப் போயிருக்கிறார். நான் நேராகத்தான் சொன்னேன் அண்ணி. அந்த டின்கள் கிறிஸ்துமஸ் கேக்கின் மேல் பூசுவதற்கு நான் வாங்கி வைத்திருந்த சர்க்கரைப் பால். சர்க்கரைப் பாகில் சிப்பியும் மிளகும் மிதந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். இன்னும் நான்கு வார்த்தை நேராகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் தொப்பி பறந்துவிட்டது. செப்டம்பருக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவேயில்லை. அதனால் அடுத்த வாயும் எடுத்தேன். இரண்டாவது கிண்ணத்தில்தான் எனக்குப் பசி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. மூன்றாவது கிண்ணம் ஓரனுக்காக, அவன் ருசி பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

நான் ஏன் நேராகவே பேசுகிறேன் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாள் நெஞ்சு பிளக்கிற மாதிரி வலித்தபோது நர்ஸ் வந்து எப்படி இருக்கிறது என்றாள். "ரொம்ப சுகமா இருக்கு" என்றேன். சந்தோஷம் என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்து பயந்துபோய் நேராகவே பேசிப் பழகிவிட்டேன். இங்கே அவர் இருக்கிறார், இனி அந்தப் பயம் வேண்டாம் என்று நேற்றுத்தான் தோன்றியது. மிளகு எனக்கு உயிர், அது உங்களுக்குத் தெரியும். மிளகு தூவின பக்கத்தைத்தான் முதலில் முடித்தேன், அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏணி கிடைத்துவிட்டது போல, சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு உதவி அண்ணி. சரியான செய்முறையை மட்டும் அவருக்கு எழுதி அனுப்பிவிடாதீர்கள். இதை நேராகத்தான் சொல்கிறேன்.